முயலைப் பார்த்த சீமாட்டி

— அந்த முயலை எதுக்குப் பாத்தீங்க, சீமாட்டி?

— எந்த முயல்?

— நேத்து வேட்டைக்காரன் தூக்கிட்டு வந்தானே, அந்த முயலு. பின்னங்காலைப் புடிச்சுத் தொங்கவிட்டுக்கிட்டு, அதோட வாயெல்லாம் ரத்தமா, நேரா உங்க நாற்காலிக்கு முன்னால வந்து நின்னானே. அப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?

— என்ன பண்ணினேன்? நல்லாக் கொழுத்திருக்குன்னு சொன்னேன். சமையக்காரிகிட்ட வெங்காயம் தாராளமாப் போடச் சொன்னேன். அதுல என்ன குத்தம் கண்டுட்ட?

— மொகத்தைத் திருப்பிக்கலையே.

— அப்போலோனியா, தலை வார வந்தவ தலையை மட்டும் வாரு.

— வாரிக்கிட்டுத்தான இருக்கேன். கைக்கு வேலை இருக்கு, வாய்க்கு வேலை இல்லையே. சும்மா கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பள்ளத்தாக்குல மாசமா இருக்குற எவளும் செத்த முயலை ஏறெடுத்துப் பாக்க மாட்டா. பாத்தா முயலாட்டம் உதடு பொளந்த புள்ளதான் பொறக்கும். எங்க தெருவுல ஒருத்தி, பனியில முயலு போன தடத்தைப் பாத்துட்டே ஒப்பாரி வெச்சா. நீங்க என்னடான்னா வெங்காயம் போடச் சொல்றீங்க.

— நான் படிச்சவ. இந்தக் கதையெல்லாம் நம்புறதில்லை.

— மூத்த பொண்ணு வயித்துல இருந்தப்போ படிச்சிருக்கலையா? அப்போ முயல் தோலு வெச்சுத் தைச்ச கையுறையைக்கூட அடுப்புல போட்டுட்டீங்களாம். துணி வெளுக்குறவ சொன்னா.

— ஓஹோ. அதுவரைக்கும் தோண்டியாச்சா?

— தோண்டுறதுக்குத்தான என்னைய இங்க வெச்சிருக்காங்க.

— ஆமா, வெச்சிருக்காங்க. புருஷனைப் பொதைச்ச ஈரம் காயலை. அதுக்குள்ள, வயித்துல இருக்கறது நிஜமா பொய்யான்னு வேவு பார்க்க ஒருத்தியைக் கொண்டு வந்து என் படுக்கை அறையிலயே போட்டாரு என் கொழுந்தனாரு. பக்கத்து அறைக்குப் போற கதவெல்லாம் ஆணி அடிச்சாச்சு. ஒரே வாசல். ராத்திரி பகல்னு இல்லாம மூணு விளக்கு எரியணும். உள்ள வர்ற ரொட்டியைக்கூட நீ பிச்சுப் பார்த்துட்டுத்தான் விடற. கேக்கறேன், எந்த ரொட்டிக்குள்ள குழந்தையை ஒளிச்சுக் கொண்டு வர முடியும்?

— ரொட்டிக்குள்ள முடியாது. ரொட்டிக் கூடையில முடியும். விறகுக் கட்டுல முடியும். மாலை வெயில்ல காயப்போட்டு எடுத்துட்டு வர்ற மெத்தையில முடியும். விதவை மாசமா இருந்தா இதான் சட்டம் சீமாட்டி, அதை நானா எழுதினேன்? நாளைக்கு ஏதோ ஒரு தெருப்புள்ளையக் காட்டி இதுதான் பிரபுன்னு சொல்லிட்டா?

— பிரபு எர்ன்ஸ்ட்டோட பெண்டாட்டி அப்படிச் செய்வான்னு நினைக்கறியா?

— நான் யாரையும் எதுவும் நெனைக்கிறதில்ல. பாக்குறேன், அவ்வளவுதான். நேத்து நீங்களே குனிஞ்சு உங்க செருப்பு வாரைக் கட்டுனதைப் பாத்தேன்.

— அப்புறம்?

— ராத்திரி ஒரு தடவைகூட நீங்க மூத்திரப் பானைக்கு எந்திரிக்கிறதில்ல. நான் நாலு பெத்தவ. பத்தாம் மாசத்துல விடிய விடியப் பானைமேலதான் குடியிருந்தேன்.

— அப்புறம்?

— போன வாரம் வயிறு வலப்பக்கம் சாஞ்சிருந்துச்சு. இந்த வாரம் இடப்பக்கம். கிட்ட வந்தா தவிடு வாசன அடிக்குது.

— அப்போலோனியா, கொஞ்சம் இரு. அந்த அடுப்புக்குப் பின்னால யாரு?

— யாரும் இல்ல.

— அடுப்புக்கு விறகு நடைப்பக்கத்துலேர்ந்துதானே போடறாங்க. அந்த வாயில காதை வெச்சா, இங்க ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும். கல்யாணமாகி வந்த புதுசுலயே எனக்குத் தெரியும். என் மாமியார் அங்கதான் நின்னு கேப்பாங்க.

— விறகு போடுறவனை நான் கீழ அனுப்பிட்டேன்.

— நீ சொல்ற. நான் நம்பணும். சரி, நின்னா நிக்கட்டும், நல்லாக் கேட்டுக்கட்டும். குழந்தை சௌக்கியமா இருக்கு! போதுமா?

— எங்கிட்ட எதுக்குக் கத்துறீங்க?

— உங்கிட்ட இல்லை. உன்னை அனுப்பினவர்கிட்ட. உன் மகளுக்குத் தன் வீட்டுலயே வேலை குடுத்தது யாரு? அவரு. நீ இங்க முழிச்சுக்கிட்டு இருக்கறதுக்குக் கூலி குடுக்கறது யாரு? அவரு. என் வாயைக் கிளறி, நான் ஏதாவது உளறினா அதை மூட்டை கட்டிக்கொண்டு போய் அவர் காலடியில போடத்தானே இந்த முயலும் தவிடும்?

— நான் மூட்டை கட்டணும்னா எப்பவோ கட்டியிருப்பேன்.

— ஏன் கட்டலை?

— சொல்றேன். இப்ப வேணாம், மாடிப்படியில பூட்ஸ் சத்தம் கேக்குது. கால்ல போர்வையை இழுத்துவிட்டுக்குங்க. தலையணை ரெண்டு முதுகுக்கு. மூச்சு வாங்குங்க, கொஞ்சம் பெரிசா.

— எனக்கு நீ சொல்லிக் குடுக்கறியா?

— வாங்குங்கன்னா வாங்குங்க.

— அப்போலோனியா! கதவைத் திற, வோல்ராட் வந்திருக்கேன். என்ன, என்னையும் தடவிப் பார்த்துட்டுத்தான் விடுவியா?

— சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க, எசமான். மேலங்கியத் தூக்குங்க. சரி, உள்ள வாங்க.

— ஹா! பார்த்தீங்களா அண்ணி, எப்பேர்ப்பட்ட ஆளை உங்களுக்குக் காவலுக்கு வெச்சிருக்கேன்னு? எழுந்திருக்காதீங்க, எழுந்திருக்காதீங்க.

— எழுந்திருக்கறதா இல்லை, கொழுந்தனாரே.

— அதானே. பாரம். பாரம் தாங்கறவங்களுக்குத்தான் தெரியும். விளக்கு ஒண்ணு, ரெண்டு... அந்த மூணாவது என்ன புகையுது? திரியை வெட்டு அப்போலோனியா. நாளைக்கு யாராவது வந்து, அறை இருட்டா இருந்துச்சு, எதையோ மாத்திட்டாங்கன்னு சொல்லிடக் கூடாது பாருங்க. எனக்கென்ன, நம்ம வீட்டுப் பேரு கெடக் கூடாது.

— நம்ம வீட்டுப் பேரைக் காப்பாத்த, நம்ம வீட்டுப் படுக்கை அறையிலயே ஆணி அடிச்சவரு நீங்கதான்.

— கோவிச்சுக்காதீங்க. அண்ணன் இருந்திருந்தா அவரே அடிச்சிருப்பாரு. முயல் எப்படி இருந்துச்சு?

— நீங்க அனுப்பினதா அது?

— வேற யாரு அனுப்புவா? அண்ணி ஒழுங்காச் சாப்பிடறதில்லை, பியர்க் கஞ்சியும் முள்ளங்கியுமா உள்ள தள்றாங்கன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கலை.

— மாசமா இருக்கறவளுக்கு யாராவது முயல் அனுப்புவாங்களா?

— அதையேதான் நானும் என்னைக் கேட்டுக்கிட்டேன்! அனுப்பினப்புறம் கேட்டேன். ஐயோ மடையா, அண்ணி பார்த்து வெச்சுட்டா குழந்தைக்கு என்ன ஆகும்னு பதறிப் போயிட்டேன். வேட்டைக்காரன் திரும்பி வந்ததும் முதல்ல அதைத்தான் விசாரிச்சேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? சீமாட்டி நல்லாப் பார்த்தாங்க, பார்த்துச் சிரிச்சாங்க, வெங்காயம் போடச் சொன்னாங்கன்னான்.

— சொன்னேன்.

— சொன்னீங்க. எனக்குத் தூக்கமே வரலை. ஒருத்தி வயித்துல நிஜமாவே குழந்தை இருந்தா, அவ அந்த முயலைப் பார்த்துச் சிரிப்பாளா? நீங்களே சொல்லுங்க, அண்ணி. இல்லை, நீங்க சொல்ல வேண்டாம். அப்போலோனியா, நீ சொல்லு.

— சிரிச்சது நெசம் எசமான். அவன் போன பிற்பாடு அழுததையும் சேத்துல்ல சொல்லணும்? வேட்டைக்காரன் முன்னால ஆளுற சீமாட்டி அலறுனா ஊரு சிரிக்காதா? அவன் அந்தாண்ட போனதும் விழுந்து விழுந்து அழுதாங்க. நான்தான் உள்சட்டை ஓரத்தை ஒரு சாண் கிழிச்சுவிட்டேன். உதடு கிழியிறதுக்குப் பதிலா துணி கிழியட்டும்னு. எல்லாரும் பண்ணுறதுதான? நீங்களே பாருங்க. சீமாட்டி, மன்னிச்சுக்குங்க, ஓரத்தை மட்டும் காட்டுறேன். தெரியுதா?

— ம். கிழிஞ்சிருக்கு.

— பல்லால கடிச்சுக் கிழிச்சது. கத்திரி வைக்கக் கூடாது.

— எனக்கும் தெரியும் அது. எங்க அம்மாவும் கிழிச்சிருக்காங்க. சரி. கையை வெச்சுப் பார்த்தியா? வெறும் வயித்துல?

— பாத்தேனே.

— இருக்கா?

— ஒதைக்குது எசமான். நல்லா மூட்டு எலும்பு மாதிரி ஒரு குதிகாலு.

— வெரலைத் தூக்கிச் சொல்லு. அதோ பைபிள் இருக்கு. இடது கையை அதுமேல வெச்சு, வலது கை வெரலைத் தூக்கிச் சொல்லு.

— கொழுந்தனாரே, இது அதிகம். அந்தப் பொம்பளை உங்க ஆளு. உங்க ஆளையே நீங்க நம்ப மாட்டேங்கறீங்க.

— நான் யாரையும் நம்பறதில்லை அண்ணி. அதனாலதான் இந்தச் சண்டையில ஊர்ல பாதிப் பேர் செத்தும் நான் இருக்கேன். ம், சொல்லு.

— கடவுள் மேல ஆணையா, அந்த வயித்துல நான் கை வெச்சுப் பாத்தேன். உசுரு இருக்கு. போதுங்களா?

— போதும், போதும். ஏன் கையை அதுக்குள்ள இறக்கிட்ட?

— வயசாச்சு எசமான். குளிரு வேற.

— உன்மேல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆத்தோர மாவு மில்லு உனக்குத்தான்னு சொன்னேன், அது சொன்னது சொன்னதுதான். இருந்தாலும் பாருங்க அண்ணி, மனசுன்னு ஒண்ணு இருக்கே. இன்னைக்குச் சாயங்கால மணி அடிச்சதும் ஊர்ப் பெண்கள் அஞ்சு பேர் வருவாங்க. முன்னாடி வந்தவங்கதான். வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டுப் போகட்டும்.

— ஒரு தடவை பார்த்தாச்சே, இலையுதிர் காலத்துல. அஞ்சு பேரும் இருக்குன்னு சொன்னாங்களே.

— அப்போ இருந்துச்சு. நானும் இல்லைன்னு சொல்லலையே? இப்பவும் இருந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்? அஞ்சு நிமிஷம். இருக்குன்னா நானே முழங்கால் போட்டு மன்னிப்புக் கேக்கறேன். இல்லைன்னா... சீ, அதை எதுக்கு இப்போ பேசறது. கர்னல் வேற இன்னைக்கு என் வீட்டுலதான் சாப்பிடறாரு. பாவம், அவர் படை ஆத்தங்கரையில கூடாரத்துல கிடந்து விறைச்சுப் போகுது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கூரை வேணும்னு உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டாரு?

— கேட்ட ஒவ்வொரு தடவையும் முடியாதுன்னேன். அவர் பிள்ளைகள் போன குளிர்காலத்துல தங்கின ஊர்ல இப்போ கூரையும் இல்லை, பொண்ணுங்களும் இல்லை.

— உங்க பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும் அண்ணி. சாயங்காலம் வரேன். அப்போலோனியா, திரியை வெட்டு.

— வெட்டுறேன் எசமான். பாத்து, படியில பனி இருக்கு.

— போயிட்டாரா?

— இருங்க. ம். முற்றத்துக்கு எறங்கிட்டாரு. குதிரைக்காரனைத் திட்டுறாரு. போயாச்சு.

— என் உள்சட்டையை எப்போ கிழிச்ச?

— நேத்து ராத்திரி. நீங்க தூங்குறப்போ.

— எதுக்கு?

— அவரு முயலு அனுப்புனதே நீங்க பாக்குறீங்களான்னு பாக்கத்தான்னு எனக்குப் பட்டுச்சு. இன்னைக்கு வந்து கேப்பாருன்னும் பட்டுச்சு. கேட்டாரா இல்லையா?

— நீ பொய்ச் சத்தியம் பண்ணின.

— பண்ணுனேன்.

— பொய்ச் சத்தியத்துக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?

— தூக்கிக் காட்டுன வெரலை வெட்டுவாங்க. நாலஞ்சு மாசத்துக்கு முந்தி கசாப்புக்காரன் ஒருத்தனுக்கு வெட்டுனீங்களே, நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க. இப்ப அந்தாளு எடது கையாலதான் கறி வெட்டுறான்.

— அப்போ எதுக்குச் செஞ்ச? எனக்குப் புரியலை. புரியாதது எதுவா இருந்தாலும் எனக்குப் பயமா இருக்கு, அப்போலோனியா. நான் பதினாறு வயசுல இந்த வீட்டுக்கு வந்தேன். எனக்கு விசிறினவ விஷயத்தை மாமியாருக்குச் சொன்னா. எனக்குச் சூப்பு ஊத்தினவன் கொழுந்தனாருக்குச் சொன்னான். இந்த வீட்டுல யாரும் எனக்குச் சும்மா ஒரு தம்ளர் தண்ணிகூடக் குடுத்ததில்லை. நீ வெரலையே குடுக்கறங்கற. என்ன விலை? மில்லு பத்தலையா?

— மில்லு வேணாம்.

— அப்போ இது அவர் போட்டுக் குடுத்த திட்டம். நீ எனக்காகப் பொய் சொல்ற மாதிரி சொல்லணும், நான் உருகிப் போய் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு உண்மையைக் கொட்டணும், அடுப்புக்குப் பின்னாலேர்ந்து ரெண்டு சாட்சி எழுந்து வரணும். நல்லாத்தான் இருக்கு. போ, போய்ச் சொல்லு, உங்க அண்ணி ஒட்டிலியா வாயைத் திறக்கலைன்னு.

— நீங்க தொறக்க வேணாம், நானே சொல்றேன். எனக்குக் காய்ச்சல் வந்து இந்த மூலையில கெடந்தேனே, முத பனி விழுந்த அன்னிக்கு.

— ஆமா. உளறிக்கிட்டுக் கிடந்த.

— கண்ணைத்தான் மூடிக்கிட்டுக் கெடந்தேன், காதை இல்ல. நீங்க செத்துப்போன எசமானோட இடுப்புப் பெல்ட்டைக் கடிச்சுக்கிட்டுக் கட்டில் திரைக்குள்ள கெடந்தீங்க. ஒரு சத்தம் வரலை. நானும் நாலு பெத்து ரெண்டைத் தூக்கிக் குடுத்தவ, அந்த மாதிரி சத்தம் வராம கெடக்குறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? எந்திரிச்சு வரணும்னுதான் பாத்தேன். வந்தா நான் பாத்ததா ஆயிரும். பாத்ததைச் சொல்லணும். அதான் கண்ணைத் தொறக்கலை.

— போதும்.

— மக்யா நாளு, புருசன் கல்லறையில ஜெபம் பண்ணணும்னு கெளம்புனீங்க. குளிருக்கு ரெண்டு கையையும் உள்ள விட்டுக்குற பெரிய கம்பளி உறை வேற. உள்ள வர்றவங்களைத்தான சோதிக்கணும்னு சட்டம். வெளிய போறவங்களை இல்ல. நான் விளக்கைப் புடிச்சுக்கிட்டுக் கல்லறை வாசல்ல நின்னேன். நீங்க உள்ள போயி ரொம்ப நேரம் ஆச்சு. திரும்பி வந்தப்போ கையெல்லாம் சுண்ணாம்பு. நான் கேட்டேனா? ஏதாச்சும் ஒரு வார்த்தை கேட்டேனா?

— கேக்கலை.

— தண்ணி காய வெச்சேன். கை கழுவி விட்டேன்.

— அவன் அப்பா காலடியில வெச்சேன். ஒரு கல்லு தளர்வா இருந்துச்சு. பையன், அப்போலோனியா. எல்லாம் இருந்துச்சு, நகம்கூட இருந்துச்சு. அவன் பேரால எத்தனை உத்தரவுல கையெழுத்துப் போட்டேன். "என் வயிற்றில் இருக்கும் பிரபுவின் பெயரால்." அவன் அங்க கல்லுக்குக் கீழ கிடக்கான். நான் இங்க வந்து திரும்பவும் அதையே எழுதறேன். எனக்கு அழறதுக்குக்கூட இடம் இல்லை, மூணு விளக்கு.

— அழுங்க. இப்ப நான் மட்டுந்தான இருக்கேன்.

— உன் முன்னாடியா? மாட்டேன். நீ சொல்லிட்ட, எனக்கும் இனிமே மறைக்க ஒண்ணும் இல்லை. சாயங்காலம் அஞ்சு பேர் வருவாங்க, கை வைப்பாங்க, தவிட்டுத் தலையணை தெரிஞ்சுடும். என்னைச் சதுப்பு நிலத்துக் கோட்டையில அடைப்பாங்க, அது பரவாயில்லை. நாளைக் காலையில வோல்ராட் பிரபு. நாளை மறுநாள் கர்னலோட ஆளுங்க பாலத்தைத் தாண்டுவாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியலை. இத்தனை நாள் பொய் சொல்லி நிறுத்தி வெச்சேனே.

— பொய்யை இன்னும் கொஞ்சம் இழுங்க.

— எப்படி இழுக்கறது? வயித்துல என்ன தவிட்டையா பெத்துப் போடறது?

— சாயங்காலம் மணி அடிக்கிறதுக்கு முந்தியே உங்களுக்கு வலி வரணும். இப்பவே வரணும். வலி வந்துட்டா அந்த அஞ்சு பேரும் கையை வெச்சுப் பாக்க முடியாது. திரைக்கு வெளியதான் நிக்கணும், அதுவும் சட்டந்தான். திரைக்குள்ள மருத்துவச்சி ஒருத்தி, காவக்காரி ஒருத்தி. மருத்துவச்சி மார்த்தா என் கூடப் பொறந்தவ. காவக்காரி நான்.

— குழந்தை?

— இருக்கு.

— எங்க இருக்கு?

— மார்த்தா வீட்டுல. இன்னிக்கு விடியக்காலைலதான் பொறந்துச்சு. ஆம்பளப் புள்ள. நான் காலைல ஜெபத்துக்குப் போனதாச் சொன்னேனே, அங்கதான் போயிருந்தேன். நாக்குல ஒரு சொட்டு கசகசாப் பாலு தடவுனா தூங்கிக்கிட்டே வரும்.

— எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தான் என் தலையை வார வந்திருக்க.

— ஆமா.

— வாசல்ல எல்லாரையும் சோதிக்கணுமே.

— சோதிக்கிறது யாரு? இத்தனை மாசமா இந்தக் கோட்டைக்குள்ள வர்ற அத்தனை பேரையும் தடவிப் பாத்தேன். சமையக்காரியைப் பாத்தேன், பாதிரியாரைப் பாத்தேன், இப்ப உங்க கொழுந்தனாரையும் பாத்தீங்க. என் பாவாடைக்குள்ள என்ன இருக்குன்னு இன்னி வரைக்கும் ஒருத்தனும் கேக்கலை.

— யாரோட குழந்தை?

— என் மக லீஸ்பெத்தோடது.

— அவளுக்குக் கல்யாணம் ஆகலையே.

— ஆகலை. அதனாலதான் மார்த்தா வீட்டு மாடியில ஒளிச்சு வெச்சேன். வெளிய தெரிஞ்சா தலையில வைக்கப்புல் வளையத்தை மாட்டி சர்ச் வாசல்ல நிறுத்துவாங்க. ஊரே துப்பும். அப்புறம் எல்லையைத் தாண்டித் தொரத்திவிடுவாங்க. இந்தப் பனியில கைப்புள்ளையோட எங்க போவா? உங்களுக்கு ஒரு புள்ள வேணும், எம் மகளுக்கு ஒரு கூரை வேணும். நான் வேற ஒண்ணும் கேக்கலை.

— அவ சம்மதிச்சாளா? பெத்த அன்னைக்கே தூக்கிக் குடுக்கறதுக்கு?

— பிரபுவுக்குப் பால் குடுக்க ஒருத்தி வேணும்ல? அவளே வருவா. தன் புள்ளையவே "எசமான், எசமான்"னு கூப்பிட்டுக்கிட்டு மடியில போட்டுப் பால் குடுப்பா. அம்மான்னு அது உங்களைத்தான் கூப்பிடும். அவ அழுதா. அப்புறம் சரின்னா.

— என்னை நம்பச் சொல்ற.

— சொல்லலை. நம்ப வேணாம், நானும் உங்களை முழுசா நம்பலை. நாளைக்கே என் மகளை வெளிய தள்ளிட்டா நான் என்ன பண்ணுவேன்? என் வெரலு உங்க கையில இருக்கு, உங்க கழுத்து என் கையில இருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே காலத்தை ஓட்ட வேண்டியதுதான். அதுக்கு எனக்குப் பழக்கம் இருக்கு.

— நான் ஆண்டவன் முன்னாடி என்ன பதில் சொல்லுவேன்?

— கர்னலோட ஆளுங்க பாலத்தைத் தாண்டுனா என்ன பதில் சொல்லுவீங்களோ, அதைவிட இது லேசாத்தான் இருக்கும்.

— குழந்தையோட அப்பன் யாரு?

— அதை எதுக்குக் கேக்குறீங்க?

— கேப்பேன். இந்த வீட்டு நாற்காலியில முன்னூறு வருஷமா ஒரே ரத்தத்து ஆம்பளைங்கதான் உக்கார்ந்திருக்காங்க. எர்ன்ஸ்ட் குடிப்பாரு, வேட்டை வேட்டைன்னு அலைவாரு, ஆனா அவங்க தாத்தாவோட தாத்தா பேரு வரைக்கும் அவருக்கு வாய்ப்பாடம். அந்த இடத்துல நான் யாரை உக்கார வைக்கறேன்? ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த சிப்பாய் எவனாவதா?

— சிப்பாய் இல்ல.

— வண்டிக்காரனா?

— சீமாட்டி, நேரமாச்சு. மார்த்தா காத்துக்கிட்டு இருப்பா. வலி வருதா, வரலையா? அதை மட்டும் சொல்லுங்க.

— நான் எப்படிக் கத்துவேன்? எனக்குக் கத்தத் தெரியாது. ரெண்டு பொண்ணைப் பெத்தப்பவும் நான் கத்தினதில்லை. அடுப்புக்குப் பின்னால மாமியார் நின்னு கேப்பாங்களேன்னு.

— அன்னிக்கு அந்தப் பெல்ட்டைக் கடிச்சுக்கிட்டுக் கத்தாம விட்டீங்களே, அதைக் கத்துங்க. இப்ப கத்துனா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. கோட்டையே கேக்கட்டும். நல்லா அழுங்க. இன்னிக்கு ஒரு நாளுதான் உங்களுக்கு அதுக்கு அனுமதி.

— அப்போலோனியா.

— சொல்லுங்க.

— அந்தத் தலையணையை அவுத்துவிடு. அதை அடுப்புல போட முடியுமா?

— தவிடு, நல்லா எரியும்; போறப்போ நடைப்பக்கத்து வாயில போட்டுடுறேன். கையைத் தூக்குங்க. ஆங், அவுந்துருச்சு. படுத்துக்குங்க. திரையை இழுத்துவிடுறேன். நான் கீழ போயி, "சீமாட்டிக்கு வலி எடுத்துருச்சு, மார்த்தாவைக் கூட்டிட்டு வர்றேன்"னு கூவிக்கிட்டே ஓடுறேன். நான் கதவைச் சாத்துனதும் ஆரம்பிங்க.

— ஒரு நிமிஷம் நில்லு. இன்னைக்கு ஏமாத்திடலாம். அஞ்சு வருஷம் கழிச்சு? பத்து வருஷம் கழிச்சு? அவன் வளருவான். ஊரே கூடி நிக்கறப்போ சர்ச்சுல வந்து நிப்பான். நீள மூக்கு, ஒட்டின காது, இந்த வீட்டு ஆம்பளைங்களை இருட்டுலகூட அடையாளம் சொல்லலாம். வோல்ராட் சும்மா இருப்பாருன்னு நினைக்கறியா? தினமும் அவன் முகத்தைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரு. இவன் எங்க வீட்டு ஜாடையே இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னார்னா நம்ம எல்லாரும் தொலைஞ்சோம்.

— ஜாடையைப் பத்தி மட்டும் நீங்க கவலையே படாதீங்க, சீமாட்டி. உங்க கொழுந்தனாரு அவனைத் தூக்கி வெச்சுப் பாக்குறப்போ, பக்கத்துல கண்ணாடி மட்டும் இல்லாமப் பாத்துக்குங்க.